மஞ்சள் பூச்சிக்குப் பதினைந்து பற்கள்

மார்ச் 3

கொழுந்தனுக்கு,

பதினொரு மாதம் பேசாமல் இருந்தாகிவிட்டது. போதும். முதலில் எழுதியவள் நான் என்பதால் தோற்றவளும் நான்தான் என்று முடிவுகட்டிவிடாதே. எனக்கு வேலை ஆக வேண்டும், எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மேல் ஓடைக்கு வழிகாட்டி யார் என்பதை மீன்பிடிச் சங்கம் ஏப்ரல் 26ஆம் தேதி முடிவுசெய்யப்போகிறது. செயலாளரை ஒரு நாள் முழுக்க ஓடையில் அழைத்துப்போய் டிரவுட் மீன் பிடிக்க வைக்க வேண்டும். அவர் சரி என்றால் ஐந்து வருஷத்துக்கு ஓடை என் கையில். இல்லையென்றால் இன்னொரு வழிகாட்டியான மீசைக்காரரிடம் போகும். போன வருஷம் எனக்கு நடந்த கூத்தால்தான் இப்போது தற்காலிகமாக அவரிடம் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷமாகப் பாலத்தடியில் வழிகாட்டியாக நிற்கிறேன். அங்கே விடுதி விருந்தாளிகள் வரிசையாக நின்று ஒருவர் காதில் ஒருவர் கொக்கி மாட்டிக்கொள்வார்கள். அதைக் கழற்றிவிடுவதுதான் என் பாதி வேலை. மேல் ஓடை அப்படியில்லை. குறுகலான தண்ணீர், மண்டியிட்டுத்தான் தூண்டில் வீச வேண்டும், ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒரு மீன். அந்த ஓடை எனக்கு வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இந்த மலையில் என்னைவிட அதை அறிந்தவர் யாரும் இல்லை.

போன ஏப்ரலில் என்ன ஆயிற்று என்று உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். மத்தியானம் மஞ்சள் பூச்சி தண்ணீரிலிருந்து கிளம்பியது. சுற்றிலும் மீன்கள் மேலே வந்து அதைக் கவ்வுகின்றன. செயலாளரின் தூண்டில் நரம்பு நுனியில், நீ கொக்கியில் இழையும் இறகும் சுற்றிக் கட்டிய பொய் ஈ. நாற்பது நிமிஷம் அவர் வீசினார். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இந்த முறை இரண்டு டஜன் ஈ வேண்டும். பார்த்துக் கட்ட அசல் பூச்சி ஒரு டியூபில் இத்துடன் இருக்கிறது. போன வருஷம் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டதில் மீதி நான்கு. கண்ணைத் திறந்து பார்த்துக் கட்டு.

போனில் பேசலாம்தான். இங்கே சிக்னல் மலைக்கு அந்தப் பக்கம். விடுதி ஆபீஸ் போனில் பேசினால் சமையற்கட்டு வரைக்கும் கேட்கும். திட்டுவதற்குக் கடிதம்தான் வசதி. உன் அண்ணனைத் தூது அனுப்பலாமென்று பார்த்தேன். "உங்க ரெண்டு பேர் சண்டைல என்னை இழுக்காதீங்க. நான் ஜீப் ஓட்டறவன், ரோட்டைப் பாத்து ஓட்டணும்" என்கிறார்.

அண்ணி

மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே சொல்லிக்கொள்கிறேன், சௌக்கியம்.

என் தொழில் என்னவென்று மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நான் பல் செய்கிறேன். டாக்டர் நிறத்தைக் குறித்து அனுப்புவார், பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போகிற மாதிரி நான் செய்து கொடுப்பேன். நான் செய்த முன்பற்களோடு இந்த ஊரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். எது என்னுடையது என்று அவர்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கண்ணைத் திறந்து கட்டு என்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய பூச்சிக்கும் நான் கட்டிய ஈக்கும் ஒரு மயிரிழைகூட நிறத்தில் வித்தியாசம் இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். போன வருஷத்து ஈ ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் உங்கள் டியூபையும் திருப்பி அனுப்புகிறேன். ஜன்னலோரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

சங்கத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலும் என்னிடம் இருக்கிறது. "ஈ கட்டியவரின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தீர்கள். எட்டு வருஷமாகச் சங்கக் கடைக்கு நான் ஈ கட்டிக் கொடுத்திருக்கிறேன். பட்டியலிலிருந்து ஒரே நாளில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கைக்கு வேலை இல்லை. கட்டும் மேஜையில் இப்போது துணி மடித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். தவறு ஈயில் இல்லை என்று சங்கத்துக்கு எழுதுங்கள். மறுநாளே கட்டுகிறேன். அதுவரை ஒரு இழைகூடச் சுற்ற மாட்டேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

கொழுந்தன்

மார்ச் 15

கொழுந்தனுக்கு,

சௌக்கியமா? இப்போது கேட்டுவிட்டேன். திருப்திதானே?

உன் ஈயை ஜன்னலில் வைத்தேன். பக்கத்தில் டியூபிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து வைத்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைசியில் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். ரோட்டை மட்டும்தான் பார்ப்பேன் என்றவர் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். எது உயிரோட இருந்துச்சுன்னு மட்டும்தான் சந்தேகம்" என்றார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். பூச்சியும் ஈயும் ஒரே நிறம். அப்படியானால் மீனுக்கு என்ன கேடு? நான் வீசச் சொன்ன இடம் சரி, நேரம் சரி, நரம்பின் தடிமன் சரி. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி யோசித்துவிட்டேன். தலை வலிக்கிறது.

ஆனால் உன் நிபந்தனை நடக்காது. ஏனென்றும் மறைக்காமல் சொல்கிறேன். ஈ சரியென்று இப்போது எழுதினால், வழிகாட்டியவள் சரியில்லை என்று அர்த்தம். ஏப்ரல் 26க்கு முன்னால் என் கையாலேயே அதை எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா? மீசைக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். 27ஆம் தேதி காலை எழுதுகிறேன். ஒன்றரை மாதம் பொறு. பதினொரு மாதம் முறைத்துக்கொண்டு இருந்தவனுக்கு இன்னும் ஒன்றரை மாதம் கஷ்டமா?

பனி உருக ஆரம்பித்துவிட்டது. ஆறு பச்சையாக, கலங்கலாக ஓடுகிறது. தண்ணீரில் இரண்டு நிமிஷம் கை வைத்தால் விரல் நம்முடையதா என்று சந்தேகம் வருகிறது.

அண்ணி

மார்ச் 21

அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம். என் பெயரைக் கெடுத்தது உடனே. சரிசெய்வது உங்களுக்குச் சௌகரியப்படும்போது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் கோபத்தில் ஏதாவது வந்துவிடும்.

வேறொரு விஷயம். புதன்கிழமை ஒரு முன்பல் என்னிடம் திரும்பி வந்தது. டாக்டர் குறித்து அனுப்பிய நிறத்தில்தான் செய்திருந்தேன். வாயில் வைத்துப் பார்த்தால் வெள்ளையாகப் பல்லிளிக்கிறதாம். டாக்டருக்குப் போன் போட்டு, "நிறம் எப்போ பாத்தீங்க?" என்று கேட்டேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் என்றார். அந்த ஆள் ஒரு மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்கிறார். பல் காய்ந்துவிட்டது. காய்ந்த பல் வெளுப்பாகத் தெரியும். எச்சில் பட்ட பல்லின் நிறமே வேறு. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது.

அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் டியூப் ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் பூச்சியைப் பிடித்து எத்தனை நாள் கழித்து எனக்கு அனுப்பினீர்கள்?

இத்துடன் பல் நிறம் பார்க்க மாதிரிப் பற்கள் வரிசையாகப் பொருத்திய என் பழைய பட்டையை அனுப்புகிறேன். வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஒன்று முதல் பதினாறு என்று நானே மையால் எண் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் பல் எப்போதோ விழுந்துவிட்டது, மீதி பதினைந்து இருக்கின்றன. மஞ்சள் பூச்சி கிளம்பும் அன்று ஒன்றை உயிரோடு பிடியுங்கள். மல்லாக்கத் திருப்பி, அடிவயிற்றைப் பல்லோடு சேர்த்துப் பாருங்கள். மீன் கீழேயிருந்து பார்க்கிறது, முதுகின் நிறம் அதற்கு எதற்கு? வெயிலில் பார்க்காதீர்கள், நிழலில் பாருங்கள். பல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் என்று எழுதுங்கள்.

ஈ கட்டச் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இது தொழில் சந்தேகம், அவ்வளவுதான்.

கொழுந்தன்

ஏப்ரல் 11

கொழுந்தனுக்கு,

பார்சலைப் பிரித்தது விடுதி வரவேற்பறையில். பல் வரிசை வெளியே வந்ததும் இரண்டு விருந்தாளிகள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நல்லா இருப்பே நீ.

இரண்டு வாரம் பூச்சியைக் காணோம். தினமும் மத்தியானம் பல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். மீசைக்காரர் ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார். "என்னம்மா, மீனுக்குப் பல்லு கட்டப் போறீங்களா?" என்றார். "ஆமா, கடிக்க மாட்டேங்குதே" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரத்துக்கு என் கதைதான் ஓடியிருக்கும்.

ஏழாம் தேதி மேகம் மூடியிருந்தது. இரண்டேகால் மணிக்கு, பிளந்த பாறைக்குக் கீழே, முதல் பூச்சி தண்ணீரின் மேல் இறக்கையை நிமிர்த்திக்கொண்டு மிதந்து வந்தது. பின்னாலேயே நான்கைந்து. இடுப்பளவு பூட்ஸோடு இறங்கி, தொப்பியால் மூன்றைப் பிடித்தேன். நீ சொன்னபடி நிழல், சொன்னபடி மல்லாக்க, சொன்னபடி ஈரப் பல்.

ஆறு.

மூன்றும் ஆறாம் எண்தான். பையில் இருந்த பழைய டியூப் பூச்சியைப் பக்கத்தில் வைத்தேன். அது இரண்டு. உன் ஈயும் இரண்டு. ஆறாம் பல்லையும் இரண்டாம் பல்லையும் நீ பார்த்திருப்பாய், ஒன்று வெண்ணெய், இன்னொன்று பால். கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு விடவில்லை. பிடித்ததில் இரண்டைப் புது ஸ்பிரிட்டில் போட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் ஐந்தாம் எண். இன்று நான்காம் நாள், நான்கு. போன வருஷம் அதே ஜன்னலில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, தபாலாபீசுக்குப் போகிற அன்று சேர்த்து அனுப்பலாமென்று அனுப்பினேன். நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்.

தப்பு என்னுடையது. செத்து வெளுத்த பூச்சியை அனுப்பினேன், நீ அதை அச்சு அசலாகக் கட்டினாய், உன்னைக் கவனக்குறைவு என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பூச்சியின் முகத்தில் முழிக்கிறவள், அது சாராயத்தில் சாயம் போகும் என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். உறைக்குள் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. கை போகிறது, திரும்பி வருகிறது. உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

அண்ணி

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு டஜன் ஈ இத்துடன் வருகிறது. மேஜையில் இருந்த துணியெல்லாம் இப்போது கட்டிலில் கிடக்கிறது.

ஆறாம் எண்ணுக்குக் கட்டவில்லை, ஐந்துக்குக் கட்டியிருக்கிறேன். பதறாதீர்கள். முயல் ரோமமும் பட்டு இழையும் நனைந்தால் ஒரு படி கருக்கும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றையும் போட்டு, அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். நனைந்ததும் சரியாக ஆறில் வந்து நிற்கிறது. லேபில் பார்த்தவர்கள் எனக்குக் கழண்டுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டேன், மீனை விடும்போது வாய் கிழியாது.

உங்களுக்கு மட்டும் வெட்கம் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் டியூபைத் திறந்ததும், ‘இவ்வளவு வெளுப்பா ஒரு பூச்சி இருக்குமா?’ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான் ஒரு நாளும் அந்த ஆற்றில் இறங்காதவன். கேட்டால், ‘பல்லு செய்யறவனுக்குப் பூச்சியைப் பத்தி என்ன தெரியும்’ என்று சிரிப்பீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடை உங்களுடையது. ஆக இதில் பாதி என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த உறையைத் தபாலில் சேர்க்க வேண்டாம். கோபத்தில் கேட்டேன், இப்போது வேண்டாம் என்று நானே சொல்கிறேன். ஓடை கிடைத்த பிறகு அனுப்புங்கள், அனுப்பாமலே இருந்தாலும் சரி.

பட்டியலில் பெயர் போனது எனக்குப் பெரிதில்லை. அன்றைக்குச் சங்கத்தின் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். நான் தப்பாகக் கட்டினேன் என்று அண்ணி சொன்னாராம். அண்ணி என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் மனிதர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா போன பிறகு எனக்கு ஒன்று என்றால் திட்டுவதற்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான். அந்தத் திட்டுக்கூட முதலில் எனக்கு வரவில்லையே என்றுதான் இருந்தது. சொல்லிவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நன்றாகச் செய்யுங்கள். மீசைக்காரரை ஒரு கை பாருங்கள்.

கொழுந்தன்

ஏப்ரல் 20

கொழுந்தனுக்கு,

ஈ வந்தது. ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்தேன். முதல் வீச்சிலேயே ஒரு மீன் சாவகாசமாக மேலே வந்து, தன் வீட்டுச் சாப்பாடு மாதிரி வாயில் போட்டுக்கொண்டது. அதற்குமேல் சோதிக்கவில்லை, மீதி இருபத்து மூன்றும் டப்பாவில் பத்திரம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாய். பேசவில்லை. நான்கு தடவை படித்தேன்.

உறையை அனுப்பாதே என்றாய். அனுப்பவில்லை. நேரில் படித்துக் காட்டப்போகிறேன், தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால். என்னைத் தடுக்க நேரமில்லை, உன் பதில் வருவதற்குள் 26 வந்துவிடும்.

அண்ணி

ஏப்ரல் 27

கொழுந்தனுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு உன் அண்ணன் எங்கள் இருவரையும் ஜீப்பில் ஓடைத் தலைப்பில் இறக்கிவிட்டார். செயலாளர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "சார், ஒரு நிமிஷம்" என்று கடிதத்தை எடுத்து, நின்றபடியே முழுவதும் படித்தேன். போன வருஷத் தவறு ஈயில் இல்லை, பூச்சியை வெளுக்கவிட்டு அனுப்பிய என்னிடம் என்று. 

அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "அப்போ உங்க கண்ணை நான் எப்படி நம்பறது?" என்றார்.

"என் கண்ணை நம்ப வேண்டாம் சார். மீன் கண்ணை நம்புங்க."

தூண்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் ஒன்றும் இல்லை. காற்று குளிராக அடித்தது. மீன் எல்லாம் அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்தது. அவர் பொறுமையிழந்து, சும்மா வீசிப் பார்க்கிறேனே என்றார். "வேண்டாம் சார், தண்ணியைக் கலைச்சுட்டா அப்புறம் வராது" என்று கரையில் உட்கார வைத்தேன். பரீட்சை எழுதுகிறவள் வாத்தியாரை உட்கார வைத்த கதை. இரண்டு மணி, இரண்டரை, மூன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்தே வலித்திருக்கும். உள்ளுக்குள் எனக்கு என்ன ஓடியது என்று நீயே ஊகித்துக்கொள். வெளியே மட்டும் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பத்துக்குக் காற்று நின்றது. முதல் மஞ்சள் பூச்சி மிதந்து வந்தது. கல்லுக்குப் பின்னால் ஒரு மூக்கு மேலே வந்து போனது. "இப்போ" என்றேன். மண்டியிட்டு, கிளைக்கு அடியில் பக்கவாட்டில் வீசினார். உன் ஈ நீரோட்டத்தில் நேராக வந்தது. மீன் மேலே வந்தது, பார்த்தது, கவ்விக்கொண்டு திரும்பியது. மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி "ஏய்!" என்று கத்தினார்.

முக்கால் மணி நேரத்தில் ஏழு மீன். ஏழையும் கையை நனைத்துப் பிடித்து, கொக்கியை எடுத்து, தண்ணீரிலேயே விட்டோம். ஏழுக்கும் ஒரே ஈ. இறகெல்லாம் பிய்ந்து மொட்டையான பிறகும் கவ்வியது.

திரும்பி நடக்கும்போது, "ஓடை உங்களுக்கு" என்றார்.

"ஈ கட்டினவர் பேரு?"

"தப்புதான். ஆனா பட்டியலை அஞ்சு வருஷத்துக்கு மூடியாச்சு. கமிட்டி முடிவு, என் கைல இல்லை."

"அப்படின்னா ஓடையை எடுத்துக்கறேனா இல்லையான்னு ஒரு வாரத்துல சொல்றேன் சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு வருஷம் கேட்டவள் இப்படிச் சொல்கிறாளே என்று நின்றுவிட்டார். "யாரைக் கேக்கணும்? வீட்டுக்காரரையா?"

"அவரை இல்லை. என் கொழுந்தனை."

இதோ கேட்கிறேன். நீ இல்லாத பட்டியல் இருக்கிற சங்கத்தில் நான் ஓடையை எடுக்கட்டுமா, வேண்டாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம். பாலத்தடியில் காதுக் கொக்கி கழற்றிக்கொண்டே இருந்துவிடுவேன், உன்மேல் ஒரு குறையும் வைக்க மாட்டேன். சங்கத்துக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அண்ணனிடம்கூட உன் பதில் வந்த பிறகுதான் சொல்வேன்.

அண்ணி

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணி,

எடுத்துக்கொள்ளுங்கள்! இதைக் கேட்க ஒரு வாரமா? கையில் ஒட்டிய பிளாஸ்டர் மாவோடு வாசலில் நின்று படித்தேன், அப்படியே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தாளில் வெள்ளை விரல் ரேகை இருந்தால் மன்னிக்கவும்.

சங்கக் கடையில் நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வழிகாட்டி தன் சொந்த டப்பாவில் யார் ஈயை வைத்திருக்கிறார் என்று எந்தக் கமிட்டியும் பார்க்காது. நான் உங்கள் டப்பாவுக்குக் கட்டுகிறேன். இனி டியூப் வேண்டாம், எண் மட்டும் எழுதுங்கள், போதும்.

முதலில் என்னைக் கேட்டீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. இதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை.

ஏழு மீன் என்று எழுதியிருக்கிறீர்களே, எது எவ்வளவு பெரியது என்று எழுதவில்லையே? மீன் பிடிக்கிறவர்கள் அதைத்தானே முதலில் எழுதுவார்கள்?

கொழுந்தன்

மே 12

கொழுந்தனுக்கு,

ஏழாவது என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. செயலாளர் இப்போது தோளிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஓடையை எடுத்துக்கொண்டேன். உன் கடிதம் வந்த அன்றே, உன் அண்ணனிடம் சொல்லிவிட்டு, நேரே போய்ச் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. ஓடையிலிருந்து திரும்பியதும் வழிகாட்டி வரவேற்பறைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்த இடம், எத்தனை மீன், எந்த ஈ. மையால் எழுத வேண்டும், எழுதியதை யாரும் அடிக்கக் கூடாது என்று சங்கமே விதி வைத்திருக்கிறது. 26ஆம் தேதி ஈ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று யோசித்தேன். நீ கட்டிய ஈக்குப் பெயர் கிடையாது. "கொழுந்தன்" என்று எழுதினேன்.

அதன் பிறகு தினமும் நான் அழைத்துப்போகும் விருந்தாளிகள் மீன்மேல் மீனாகப் பிடிக்கிறார்கள். தினமும் அந்தக் கட்டத்தில் கொழுந்தன், கொழுந்தன், கொழுந்தன். சாயங்காலம் எல்லோரும் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். போன வாரம் ஒரு அம்மாள் சங்கக் கடைக்குப் போய், "கொழுந்தன் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், "யாரோட கொழுந்தன்?" என்றிருக்கிறார். அன்றைக்கு நான்கு பேர், மறுநாள் ஒன்பது பேர். மீசைக்காரரே ஆள் விட்டு என்னிடம் ஒன்று கேட்டார். கொடுத்தேன், பாவம்.

நேற்றுச் செயலாளர் என்னைத் தேடி ஓடைக்கே வந்துவிட்டார். "கடைல பதில் சொல்லி மாளலை. கமிட்டியைக் கூட்டிட்டேன். மூடின பட்டியலை எதுக்குத் திறக்கறோம்னு என்னத்தை எழுதறது?"

"தப்பு நடந்துச்சுன்னு எழுதுங்க சார். தப்பு பண்ணினது நான்னும் எழுதுங்க, கீழே கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். போட்டேன். பட்டியலில் உன் பெயர் முதலாவதாக இருக்கிறது.

சங்கத்தின் கடிதம் நாளைத் தபாலில் உனக்குக் கிளம்புகிறது. அதற்கு முன்னால் இது போய்ச் சேர வேண்டும் என்று உன் அண்ணனை ஜீப்போடு டவுனுக்கு விரட்டுகிறேன், வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். சங்கத்தின் உறை வந்தால் நிதானமாகப் பிரி. அதில் உனக்குத் தெரியாத சேதி ஒன்றும் இருக்காது.

அண்ணி